அப்பா பிடித்த ஐஸ் உருண்டை

மரத்தூள் ஒட்டிய கோணிச்சாக்கு நனைந்தால் ஒரு வாசனை வரும். டிசம்பர் மாதத்தை இன்றும் நான் அந்த வாசனையில்தான் நினைத்துக்கொள்கிறேன். அப்பா 'ஐஸ் கம்பெனி'யில் ஐஸ் கட்டி தூக்கும் வேலை பார்த்தார். அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கடைக்கு மேலே ஒற்றை அறையில் அப்பா, அம்மா, தம்பி, நான் என நான்கு பேர் குடியிருந்தோம்.

பள்ளி விடுமுறை விட்டதும் மழையும் கூடவே பிடித்துக்கொள்ளும். ஆங்கிலப் பள்ளிப் புத்தகத்தில் பனிப்படங்களைப் பார்த்துப் பார்த்து, நம் விடுமுறை மட்டும் ஏன் இப்படி வெறும் ஈரமாய்ப் போகிறது என்று பத்து வயதில் அப்பாவிடம் சிணுங்கினேன். "பனிதானே? நம்ம வீட்டுலயே விழ வச்சிருவோம் லா," என்றார். மறுநாளே, உருகாமலிருக்க மரத்தூள் தூவிக் கோணிச்சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி ஒன்று அவர் சைக்கிளில் வந்து இறங்கியது.

அதிலிருந்து விடுமுறையின் முதல் நாள் எங்கள் வீட்டுப் பண்டிகையானது. கத்தி பொருத்திய பலகையில் அப்பா கட்டியைத் தேய்க்கத் தேய்க்கத் தட்டில் வெள்ளைத் தூள் குவியும். தெருவில் 'ஐஸ் போலா' விற்பார்களே, அதுபோல உருண்டை பிடித்துச் சிவப்புச் சர்பத் ஊற்றுவோம். தனக்குத் தானே பிடித்துக்கொள்ளக் கூடாது, இன்னொருவருக்குத்தான் பிடித்துத் தர வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். பிறகு ஆளுக்கொரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்காருவோம். முதலில் கீழே போடுகிறவர் எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் போட வேண்டும். அப்பா ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஐஸிலேயே கிடந்து அவர் கைகள் வெளுத்து வெடித்து, வெடிப்புகளில் கறுப்பு ஏறியிருக்கும். "உங்களுக்கு இருக்கிறது கையா, கட்டையா?" என்று அம்மா கேலி செய்வாள்.

மூன்றாம் வருடம் அதே நாளில், என் வகுப்புச் சீனத் தோழி மெய்லின், இரவல் புத்தகத்தைத் திருப்பித் தர, சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்துவிட்டாள். காத்தோங்கில் பெரிய வீட்டுப் பெண். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே பெரிய உருண்டையாகப் பிடித்து அவளிடம் நீட்டினார். என் கண்ணுக்கு அந்த விரல் வெடிப்புகள் மட்டுமே தெரிந்தன. குறுக்கே பாய்ந்து உருண்டையைப் பிடுங்கி, அப்பாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில் ஆங்கிலத்தில், சாப்பிடாதே, அவர் கை 'டர்ட்டி' என்று சொல்லிக் குப்பை வாளியில் போட்டேன். போட்ட பிறகுதான் பார்த்தேன், அதை வாங்க மெய்லினின் கை ஏற்கெனவே நீண்டிருந்தது.

அப்பாவுக்கு வேறெந்த ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் தெரியும். வேலையிடத்தில் நாளுக்கு நாலு தடவை கேட்பதுதான். அவர் என்னைத் திட்டவில்லை. கைலியில் கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டு, "வந்த புள்ளைக்கு டீ போட்டுக் குடு," என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த வருடமும் கட்டி வந்தது. அப்பா வெள்ளை நூல் கையுறை போட்டுக்கொண்டு தேய்த்தார். உருண்டை பிடித்துத் தரச் சொல்லித் தம்பி நச்சரித்தபோது, "நீங்க புடிங்க, நான் பார்க்கிறேன்," என்றார். போட்டியிலும் அவர் சேரவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை எனக்கு. குளிர் உறைக்கும் முன்பே ஐஸைக் கீழே போட்டுவிட்டுத் தேநீர் போட எழுந்து போனேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்கடுத்த டிசம்பரில் கட்டி வரவில்லை.

இன்று எங்கள் தெம்பனிஸ் வீட்டில் பொத்தானை அமுக்கினால் குளிர்பெட்டியே ஐஸைக் கொட்டுகிறது. சந்தில் நாங்கள் இருந்த மாடி தங்கும் விடுதியாகிவிட்டது. மரத்தூள் வாசனை எங்கும் இல்லை. அப்பாவும் போய்ப் பல வருடமாயிற்று. போன டிசம்பரில், மழையில் வெளியே போக முடியாமல் சலித்துக்கொண்ட பேத்திக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன், இன்னொருவருக்குத்தான் பிடித்துத் தர வேண்டும் என்ற சட்டத்தோடு. உள்ளே ஓடிப்போய் வந்தவள், ஓர் உருண்டை பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"பாட்டி, கை கழுவிட்டேன். சாப்பிடுங்க," என்றாள்.

கழுவினாயா என்று நான் கேட்கவே இல்லை. வாங்கித் தின்றேன், தலையை நிமிர்த்தாமல்.