சொட்டுச் சத்தம்

கண் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தவர் கருவடிக்குப்பத்துப் பிளம்பர். குழாய் மரையில் சுற்றும் டேப் சுருள் அவர் விரலில் மோதிரம்போல் கிடந்தது. எங்கே குழாய் சொட்டினாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் இருவருக்குமே ஒரு கண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய் கசிவு.

"ஊசி போட்டா அடைஞ்சிடுமா டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

"கண்ணுல சுரக்குற ஒரு பொருள் புதுசு புதுசா குழாய் முளைக்க வைக்குது. அதுதான் கசியுது. மருந்து அந்தப் பொருளப் பிடிச்சு வைக்கும். மருந்து தீர்ந்தா மறுபடி ஊசி."

"மாசாமாசமா? நான் ஒரு கசிவ அடைச்சா, அந்த வீட்டுப் பக்கமே திரும்பிப் போவ மாட்டேன்!"

சொன்னவர், ஊசிக்கு முன்பே, சொட்டு மருந்து விட்டு மங்கிய கண்களோடு சத்தத்தை வைத்துத் தடவிப்போய் ஆஸ்பத்திரி வாஷ்பேசின் குழாயைச் சரிசெய்தார்.

அடுத்த மாதம் அந்தக் குழாய் மறுபடி சொட்டியது. நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"டாக்டர் ஊசிய நல்லாத்தான் போட்டிருக்காரு. ஒவ்வொரு சொட்டும் தெரியுதுங்க."

சந்தோஷப்பட்டாரா, வெட்கப்பட்டாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.