மாதிரிக் கட்டுரை

மயிலாப்பூர் பள்ளியில் நான் மொழித்துறைத் தலைவியான வருடம், ஒன்பதாம் வகுப்பில் பலர் தமிழில் தேறவில்லை. நானே மாதிரிக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தேன். அரையாண்டுத் தேர்வில் எல்லோரும் தேறினார்கள்.

ஆனால் ஜூனில் தாயை இழந்திருந்த மாணவி ஒருத்தி, 'அம்மா தினமும் எனக்குத் தலை வாரிவிடுவார்' என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க குடுத்ததுதானே மிஸ்? ஒரு வார்த்தை மாத்துனாலும் மார்க் போயிடும்னீங்களே," என்றாள் சாதாரணமாக.

ஆமாம், சொல்லியிருந்தேன். நேராக முதல்வரிடம் போய், இதை நிறுத்திவிடலாம் என்றேன். அவர் சிரித்தார்.

"நல்லா வேலை செய்யுது மேடம். ஆறாங்கிளாஸ்லேருந்து எல்லாருக்கும் பிரிண்ட் போட அனுப்பியாச்சு."

கீழ்த்தளத்தில் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.