உள்ளுக்குள் இறங்கிய குடல்

நேற்று லண்டன் டூட்டிங்கில், பூங்காவில் வெட்டிய புல்லைக் கவுன்சில்காரர் பைகளில் கட்டி மழையிலேயே விட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தால் போனால் புளித்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் நின்று முகர்ந்தேன். சரியான விசரன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அது சைலேஜ் வாடை. பச்சைப் புல்லை நொறுக்கி, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்தால் மாட்டுக்கு அது ஊறுகாய். லண்டனுக்கு வந்த புதிதில், அந்தப் புல்லை வாரி நொறுக்கும் இயந்திரங்களைச் சோதிக்கிற இடத்தில் எனக்கு வேலை. நகரத்துக்கு வெளியே ஒரு வயல். புல் வரிசைக்குள் இரும்புத் துண்டை ஒளித்து வைப்போம். இயந்திரம் அதை உணர்ந்து, கத்திக்குப் போகுமுன் தானாக நிற்கவேண்டும். நானும் என்னோடு வேலைசெய்த ராசன் அண்ணையும் ஒரே வான் வண்டியில்தான் போவோம். அண்ணை வாயைத் திறந்தால் பழமொழி.

அவருக்கு ஊரிலேயே வயிற்றில் ஒப்பரேஷன் செய்த தழும்பு உண்டு. ஒருநாள் வயிறு பிடித்தது.

"டொக்டரிட்டைப் போவமே அண்ணை?"

"வைத்தியனுக்குக் குடுக்கிறதை வாணியனுக்குக் குடு எண்டு சும்மாவே சொன்னவங்கள்? இது வெறும் வாய்வு அடாப்பா."

நானும் பெரிய நாட்டுவைத்தியப் பரியாரி மாதிரி ஓமத்தண்ணீர் காய்ச்சிப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நாள் குடித்தார். மூன்று காலையும் 'உடம்பு சுகம்' என்ற படிவத்தில் கையெழுத்தும் வைத்தார். கத்திக்குக் கிட்ட நிற்பவர்களுக்கு அது கட்டாயம்.

மூன்றாம் நாள் புல்லுக்குள்ளேயே சுருண்டு விழுந்தார். முதலாளிதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, கட்டிலருகே நின்றார். எப்போதிருந்து வலி என்று டொக்டர் கேட்டார். மொழிபெயர்க்க நான்.

"இண்டைக்குக் காலமைதான் எண்டு சொல்லு. மூண்டு நாள் எண்டால், பொய்க் கையெழுத்து வைச்சதெண்டு முதலாளி என்னை வேலையாலை கலைச்சுப்போடுவான். வேலை இல்லாட்டி ஊரிலை இருக்கிற மனிசியை இங்கை கூப்பிடேலாது."

நான் ஆங்கிலத்தில், மூன்று நாள் என்றேன். அந்தளவு ஆங்கிலம் அண்ணைக்கு விளங்கும். கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்கான் எடுத்து, நேரே ஒப்பரேஷன் தியேட்டர். பழைய ஒப்பரேஷன் விட்ட இடைவெளிக்குள் குடல் நுழைந்து முறுக்கிக்கொண்டிருந்ததாம். உள்ளே நடக்கிற குடலிறக்கம். வெளியே வீக்கமே தெரியாது. இழுத்தெடுத்து, கறுத்துப்போன ஒரு முழத்தை வெட்டி, ஓட்டையைத் தைத்தார்கள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் ஆளே இல்லை என்றார் டொக்டர்.

அண்ணைக்கு வேலை போனது. மனைவி வர இன்னும் நான்கு வருடம் ஆனது.

அந்த வயலில் இப்போது வீடுகள். அண்ணை ஈஸ்ட் ஹாமில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறார். நான் போனால், தராசில் நிறுத்த முருங்கைக்காயோடு இரண்டைக் கூடவே போடுவார்.

"காணும் அண்ணை, கூட வேண்டாம்."

"கொண்டுபோ."

அந்த வானுக்குள் வாய் ஓயாமல் வந்த மனிதர். எனக்கு இப்போது கிடைப்பது அந்த ஒரு சொல்தான்.