ஐஸ் கிடங்குச் சுவரோரம் ஒரு வாங்கு

போன கிழமை இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்ட் சந்தையில் புகையில் வாட்டிய மீனின் மணம் மூக்கில் ஏறியது. எனக்குப் பசி வரவில்லை, விரல்கள்தான் குளிர்ந்தன. வடகடலோரத்துச் சிறு ஊர் ஒன்றில் நான் வேலை பழகிய காலத்து மணம் அது. இரண்டாயிரத்தின் முதல் வருடங்கள். பொது இடங்களைத் திட்டமிடும் அலுவலகத்தில் வரைபடம் கீறினேன். பெரிய கட்டடக் கலைஞர் என்று நினைத்துவிடாதீர்கள்; மற்றவர்கள் யோசிப்பார்கள், நான் கோடு போடுவேன்.

அந்த ஊர்த் துறைமுகச் சதுக்கத்தை யாரோ இத்தாலிக்குப் போய்வந்த மயக்கத்தில் கட்டியிருந்தார்கள். நல்ல அகலம், நடுவில் நீரூற்று. வருடத்தில் பாதி நாள் அங்கே காற்று மட்டும்தான் உலாவும். அதைத் திருத்தும் வேலை எங்களுக்கு வந்தது. முதலாளி நாடா கட்டிய தடி ஒன்றைத் தந்து, "காற்று எங்கே இல்லை என்று பார்த்து வா" என்றார். குளிருக்குக் கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வயல் வெருளி மாதிரி அலைந்தேன். நாடா அசையாத ஒரே இடம் பழைய ஐஸ் கிடங்கின் தெற்குச் சுவரோரம். அங்கே ஒருவர் செங்கல்லில் இரண்டு கைகளையும் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி யாழ்ப்பாணமோ?"

"ஓம் அண்ணை."

அவர்தான் குலம் அண்ணை. மீன் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. ஐஸுக்குள் கைவிட்டே விரல்கள் வெளிறி மரத்துப்போகும். கோட்டுப் பொத்தானைப் பூட்ட முடியாது. அகதிகள் விடுதியில் நாலு பேருக்கு ஓர் அறை. வெயில் ஊறிய அந்தச் சுவர்தான் அவருக்கு அடுப்பு.

அந்த இடத்திலேயே ஆட்கள் உட்கார நீள வாங்கு ஒன்று போட்டோம். இரும்பு குளிரும் என்பதால் மரம். காற்றை மறிக்க ஒரு கண்ணாடித் தடுப்பு. மாசி வெயிலிலும் அங்கே கோட்டைக் கழற்றலாம். குலம் அண்ணையும் கூட்டாளிகளும் பின்னேரங்களில் அதில் குந்தியிருந்து கதைத்தார்கள். பக்கத்தில் ஜெர்மன் கிழவிகள் பின்னல் பின்னினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

நம் ஆட்களுக்கு நன்றியை மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாது. நகரசபை அதிகாரி வாங்கைப் பார்வையிட வந்த அன்று, குலம் அண்ணை பொரித்த மீன் ரோல்ஸும் சரிகைப் பொன்னாடையுமாகக் காத்திருந்தார். நான் மறித்துப் பார்த்தேன்.

"விடு தங்கச்சி. செய்த மனிசனைக் கௌரவிக்காட்டி நாங்கள் என்ன சனம்?"

போர்த்தியே விட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது: சரிகைக்குள் திகைத்த அதிகாரி, சுற்றிவர எங்கள் கறுத்த சிரித்த முகங்கள்.

வெறும் வாங்கு அன்றிலிருந்து 'தமிழர் வாங்கு' ஆயிற்று. கிழவிகள் வராமல் விட்டார்கள். நகரசபைக்கு முறைப்பாடுகள் வந்தன. ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "இவர்கள் ஏன் இவ்வளவு நேரம் இருக்கிறார்கள்?" இருப்பதற்குத்தானே ஐயா வாங்கு! அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ரோல்ஸ் அருமை என்றார். பிறகு, "அந்த இடம் தேவைக்கு மேல் சூடாக இருக்கிறது" என்றார். உண்ட வீட்டுக்கு இரண்டகத்தை இவ்வளவு பண்பாகச் செய்து நான் கண்டதில்லை. முதலாளி என் காற்று வரைபடத்தையே விரித்து, குளிர் எங்கே அதிகம் என்று விரலால் தேடினார். அந்த விரலை ஒடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கண்ணாடியைக் கழற்றினார்கள். மரத்துக்குப் பதில் இரும்பு, சுவரோரத்துக்குப் பதில் சதுக்கத்தின் காற்றடிக்கும் வடமேற்கு முனை. கடற்காட்சிக்காக என்று காரணம் சொன்னார்கள்.

இப்போது அந்தக் கிடங்கும் இல்லை. இடித்து விடுமுறை வீடுகள் கட்டிவிட்டார்களாம். கூட்டாளிகள் லண்டன், கனடா என்று சிதறினார்கள். குலம் அண்ணையை இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன் அவரைக் கடைசியாகக் கண்டது அந்த இரும்பு வாங்கில்தான். கைகளைக் கக்கத்தில் செருகியிருந்தார். கோட்டு திறந்தபடி கிடந்தது. குனிந்து பொத்தான்களைப் பூட்டிவிட்டேன்.

"அந்த நகரசபை ஆள் அந்தப் பொன்னாடையையெண்டாலும் திருப்பித் தந்தால் போர்த்திக்கொண்டிருப்பன், தங்கச்சி" என்றார்.