கலங்கிய கடலுக்குக் குட்டைத் துப்பாக்கி

எனக்கு நீச்சல் தூத்துக்குடிக் கடலில் வந்தது. என் கணவருக்கு நீச்சல் என்னிடமிருந்து வந்தது. அவர் மதுரைக்காரர், வைகையில் அவர் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மணல்தான். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் டெல்லியில், ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அவருக்கு அங்கேயே ஒரு அலுவலகத்தில் வேலை. எனக்கு லோதி ரோட்டில் கட்டட வரைபடம் போடும் வேலை. கோடைக்கால ஞாயிறுகளில் நீச்சல் குளத்துக்குப் போவோம். இரண்டு கோடைக்குள் அவரை மூச்சடக்கி அடித்தளம் தொட வைத்தேன். அதிலிருந்து அவருக்குக் கடல் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஒரு நாள் மாலை ஸ்கூட்டரை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஓடி வந்தார்.

"சாணக்கியபுரியில ஒரு எம்பசிக்காரர் ஊருக்குத் திரும்புறாராம். வீட்டுச் சாமானையெல்லாம் விக்கிறார். அதுல மீன் அடிக்கிற துப்பாக்கி ரெண்டு இருக்கு!"

மறுநாளே போனோம். சோபா, திரைச்சீலை, பீங்கான் தட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜையில் அவை கிடந்தன. வெடிமருந்து கிடையாது, குண்டு கிடையாது. நீண்ட குழல், அதன்மேல் கயிறு கட்டிய ஓர் ஈட்டி, ஈட்டியைத் தள்ள தடித்த ரப்பர், அவ்வளவுதான். தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போய் மீனைக் குத்துவதற்கானவை. ஒன்று நிமிர்த்தி வைத்தால் என் கணவரின் தோளைத் தொட்டது. மற்றது என் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

அவர் கண் பெரியதன் மேல்தான். "பெரிசா இருந்தா தூரத்துலயே அடிச்சுரலாம்ல?"

"தூரத்துல இருக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானங்க அடிக்க முடியும்?" என்றேன்.

விற்கிறவரும் பெரியதைத்தான் சிபாரிசு செய்தார். தன் நாட்டில் அதைத்தான் வைத்திருப்பாராம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் கடலில் எவ்வளவு தூரம் கண் தெரியும் என்று கேட்டேன். அவர் வராந்தாவில் நின்று தோட்டத்துக் கோடியில் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார். நான் படிக்கட்டின் கீழே இருந்த பூந்தொட்டியைக் காட்டி, எங்கள் கடலில் இதுவரைதான் தெரியும், காற்றடித்த மறுநாள் அதுவும் தெரியாது என்றேன். அவர் சிறிது நேரம் பூந்தொட்டியையே பார்த்தார். பிறகு, எடுத்துப்போய்த் தண்ணீரில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று இரண்டையும் கொடுத்துவிட்டார்.

குளத்துக் காவலாளி, இது துப்பாக்கியா என்று வாசலிலேயே மறித்தார். "மேடம்ஜி, யே பந்தூக் ஹை க்யா?"

"நஹி பையா, மச்லி கே லியே," என்று, மீனுக்கானது என விளக்கினார் என் கணவர்.

"யஹான் மச்லி கஹான் ஹை?" இங்கே மீன் எங்கே என்று கேட்டார் காவலாளி.

ஈட்டிகளை அவரிடமே ஒப்படைத்த பிறகுதான் உள்ளே விட்டார். தண்ணீருக்குள் பெரியதை நீட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினேன். குறுகிய வாசலில் கட்டிலைத் திருப்புவது போல இருந்தது. நான் திருப்பி முடிப்பதற்குள் மீன் கொழும்புக்கே போய்விடும். அடிக்கட்டையை மார்பில் முட்டுக்கொடுத்து ரப்பரை இழுத்துப் பார்த்தேன். மாட்ட வேண்டிய இடம் வரை என் கை எட்டவில்லை. சின்னது மணிக்கட்டை அசைத்தாலே திரும்பியது. ரப்பரும் சிரமமில்லாமல் வந்தது. என் முடிவு அங்கேயே உறுதியாகிவிட்டது.

என் கணவர் முடிவு மாறவில்லை. எதிர்வீட்டு பஞ்சாபி நண்பர் வேறு, "பாபிஜி, படா வாலா லோ," என்று பெரியதையே வாங்கும்படி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே தன் சம்பளத்தில் என் கணவர் பெரியதை வாங்கினார், என் சம்பளத்தில் நான் சின்னதை வாங்கினேன். அரசே பயணச் செலவு தரும் எல்.டி.சி. விடுப்பு எடுத்து ஊருக்கு ரயிலேறினோம். என்னுடையது படுக்கைச் சுருட்டுக்குள் அடங்கிவிட்டது. அவருடையதை மேல் பர்த்தில் சாய்த்து வைத்து, வழி நெடுக அது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தூத்துக்குடியில் ஒரு வள்ளம் பேசிக்கொண்டு கரைக்குப் பக்கத்தில் கடலடிப் பாறைத்திட்டான பாருக்குப் போனோம். முந்தின நாள் காற்று. பயறு வேகவைத்த தண்ணீர்போல இருந்தது கடல். நான் டெல்லியில் தைத்த சல்வார் கம்மீசோடு இறங்கினேன். ஒருவர் மூழ்கினால் மற்றவர் மேலே மிதந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

முதலில் அவர் போனார். பக்கத்தில் ஒரு மீன் வந்தது. குழல் பாதி திரும்புவதற்குள் மறைந்தது. அடுத்த முறை மங்கலாக ஏதோ தெரிந்ததென்று விசையை அழுத்திவிட்டார். அது பாறை. ஈட்டி முனை மழுங்கி வந்தது.

"மீனுன்னுல நினைச்சேன்," என்றார் மூச்சு வாங்கியபடி.

"இன்னதுன்னு தெரியாம அடிக்காதீங்க. ஒரு ஆளா இருந்தா என்ன ஆகியிருக்கும்?" அவர் பெரியதை வள்ளத்தில் போட்டுவிட்டார்.

பிறகு நான் மூழ்கினேன். மூக்கைப் பிடித்துக் காதடைப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கி, இடது கையால் பாறையைப் பற்றினேன். பாறைக்கு அடியில் ஒரு பொந்து. உள்ளே ஒரு களவா மீன், வாயைத் திறந்து மூடியபடி என்னையே பார்த்தது. அந்த இடுக்கில் பெரிய குழலைக் கொண்டுவந்து திருப்ப வழியே கிடையாது. என்னுடையது நுழைந்தது. மீன் ஒரு சாண் முன்னால் வந்தது. அழுத்தினேன். கயிறு கையை வெட்டி இழுத்தது. எனக்கு மூச்சு இன்னும் பாக்கி இருந்தது. பதறாமல் மேலே வந்தேன்.

என்னைவிட அவர்தான் அதிகம் கத்தினார். "என் வீட்டுக்காரி அடிச்சது! என் வீட்டுக்காரி!" வள்ளக்காரர், எங்கள் வள்ளத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத கடலில் இதை யாரிடம் சொல்கிறார் என்று சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் தயக்கத்தோடு, "ஒரு தடவை உன்னோடதக் குடேன்," என்றார். கொடுத்தேன். அவரும் உள்ளங்கை அகலத்தில் ஒன்று கொண்டுவந்தார். அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன், முதல் மீன் முதல் மீன்தான்.

கரையிலிருந்து வீடு வரை களவாவைச் செவுளில் கயிறு கோத்து நானே தூக்கி நடந்தேன். ஈரத் துணி காலில் ஒட்டியது, தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அம்மா வாசலுக்கு வந்து, மீனையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை புடிச்சதா?"

"இல்ல அத்தை. உங்க மக," என்றார் அவர்.

கை கடுத்தது. உள்ளே வாங்கிப் போக அம்மா கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை, அடுப்படி வரை நானே கொண்டுபோனேன்.