பின்பக்க முத்திரை

என் அண்ணி பகலெல்லாம் காணாமல் போனவர்களோடு உட்கார்ந்திருக்கும் வேலை பார்த்தார். அவர் வேலை பார்த்த கட்டடத்தின் கீழ்த்தளம் எந்த அரசையும் சேராத தொண்டு நிறுவனத்துடையது. போரில் தொலைந்தவர்களை அது நாடு நாடாகத் தேடும். மாடியில் பல அரசுகள் சேர்ந்து நடத்தும் அலுவலகம். அகதிகளை வேறு நாட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு மட்டுந்தான். கீழே இருப்பவர்கள் தேடலாம், அனுப்ப முடியாது. மேலே இருப்பவர்கள் அனுப்பலாம், தேட மாட்டார்கள். ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்கவும் கூடாதாம். இந்த விதியை எழுதின மகராசன் கையில் கிடைத்தால் நான் நாலு வார்த்தை கேட்பேன்.

தேடப்படுபவர் பெயர்வாரியாக அட்டைகளை அடுக்கிய அறைக்குள் நான் ஒருமுறைதான் போனேன். இரும்பு இழுப்பறைகளில் ஒரு லட்சம் பேர். யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"பயப்படாதீங்க தம்பி, இவங்கள்லாம் சாது. கேட்டாத்தான் பேசுவாங்க," என்று அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்களும் அகதிகள்தான். போரில் என் அண்ணன் காணாமல் போய்ப் பதினோரு வருடம். அவர் மகளுக்கு ஒரு மாதத்தில் பதினெட்டு முடிகிறது. அதற்குள் அண்ணன் இல்லை என்று முடிவானால் தாயும் மகளும் வெளிநாடு போகலாம், இல்லாவிட்டால் பதினெட்டு தாண்டியவளைப் பிள்ளைக் கணக்கில் சேர்க்க முடியாது, அந்தப் பெண்ணுக்கு வழியே அடைபட்டுவிடும் என்று மாடியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு, குடும்பத்தில் எல்லார் பெயரிலும் தேடினோம், தடயம் இல்லை என்று கீழ்த்தளம் சான்று தர வேண்டும்.

எல்லார் பெயரிலும் என்றால் அண்ணி பெயரிலும்தான். எட்டு வருடம் அங்கே வேலை பார்த்தவர் தன் பெயரைத் தேடியதே இல்லை. யார்தான் தன்னையே தேடுவார்கள்?

அண்ணி பெயரில் அட்டை இருந்தது. அண்ணி வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருடம், வேறொரு நாட்டு முகாமிலிருந்து அண்ணன் அனுப்பியது. மனைவியைத் தேடுகிறேன் என்று எழுதி, எரிந்துபோன எங்கள் பழைய வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தார். அண்ணி அட்டையைத் திருப்பினார். 'இறந்ததாகக் கருதி முடிக்கப்பட்டது' என்ற முத்திரை. அடியில் அண்ணியின் சுருக்கொப்பம்.

ஐந்து வருடம் பதில் வராத அட்டைகளை அங்கே கட்டுக் கட்டாகக் கவிழ்த்து வைத்துத்தான் முத்திரை குத்துவார்கள். பெயரைப் பார்த்தால் கை ஓடாது என்று அண்ணியே ஏற்படுத்திய வழக்கம் அது. குத்தியதும் அந்த முடிவு தேடியவருக்குக் கடிதமாகப் போய்விடும்.

"நான் செத்துட்டேன்னு அவருக்குச் சொன்னது நான்தான் தம்பி," என்றார்.

அட்டையோடு மாடிக்குப் போனோம். அது கையில் இருந்ததால் அண்ணனைப் பற்றி இப்போது சொல்லலாமாம். அதிகாரியம்மா கணினியைத் தட்டினார்.

"இருக்காரு. மனைவி இறந்ததா பதிவாகி, மறு கல்யாணமும் ஆயிருக்கு. பொண்ணை இந்த மாசமே அப்பாகிட்ட அனுப்பிடலாம். ஆனா அம்மா இறந்த பதிவுல கை வச்சா ஃபைல் நின்னுடும், ரெண்டு வருஷம் ஆகும்." அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வயிற்றெரிச்சலில் நான் கத்தினேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன.

"மாத்த வேணாம். நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். அவ போகட்டும்."

வீட்டில் மூன்று நாள் ஒத்திகை. மகள் அவரை அத்தை என்று கூப்பிட வேண்டும், நான் அக்கா என்று. பழக்கத்தில் அவள் "அம்மா" என்று கூப்பிட்டால், காதில் விழாதவர்போல் அண்ணி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டேயிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் அப்படி ஐந்தாறு முறை கூப்பிட்டாள். அண்ணி திரும்பவே இல்லை.

விமான நிலையத்தில் காகிதம் பார்த்தவர், "கூட வந்திருக்கறது அம்மாவா?" என்று கேட்டார்.

"இல்ல, அத்தை," என்றாள் மகள், திக்காமல்.

அவள் உள்ளே போனதும் கண்ணாடிக் கதவு மூடியது. "நல்லாச் சொன்னா, இல்ல தம்பி?" என்று அண்ணி கேட்டார்.