முன்வாசலால் ஒரு மத்தியானச் சாப்பாடு

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் காட்டுவது சுலபம். வந்த ஆட்களை ஓர் இடத்தில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவையாவது ரயிலேற்றிக் கூட்டிப் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களுக்கு என் அனுதாபங்கள். எனக்கும் கொஞ்சம் தாருங்கள்.

நான் சுவிட்சர்லாந்தில், ஷாஃப்ஹவுசனில் பிறந்தவள். அங்கேயே ஒரு சின்னப் பயண அலுவலகத்தில் வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் பன்னிரண்டு பேரை மாதத்தில் ஒரு நாள் ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குக் கூட்டிப் போக வேண்டும். ரயிலில் போய், பஸ்ஸில் சுற்றி, கரையோரக் காஸ்ட்ஹவுஸ் என்னும் சாப்பாட்டு விடுதி ஒன்றில் பியரோடு மத்தியானச் சாப்பாடு. நான்கு மாதம், நான்கு ஊர்.

யோசனை செல்லத்துரை மாமாவுடையது. ஸ்டெக்போர்னில் ஒரு காஸ்ட்ஹவுஸ் குசினியில் இருபத்திரண்டு வருஷம் தட்டுக் கழுவியவர். ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பிள்ளை, அங்க ஒருநாள் முன்வாசலால போய் இருந்து சாப்பிட வேணும். தனியப் போக எனக்குக் கால் வராது. ஆக்களோட எண்டா வருவன்." நான் ஸ்டெக்போர்னைக் கடைசி மாதத்தில் போட்டேன். அதற்குள் பழகிவிடுவார் என்று நினைப்பு.

டிக்கெட் கேட்டவர்

முதல் பயணம் ரோமன்ஸ்ஹோர்னுக்கு. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழு டிக்கெட், அது என் கையில். நான் அதை நீட்டுவதற்குள் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கைகளில் பாஸ்போர்ட், வதிவிட அனுமதி அட்டை, காப்புறுதி அட்டை. ராசாத்தி அன்ரி இவற்றோடு பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய தன் பழைய அகதி விண்ணப்பத்தின் நகலையும் எடுத்துவிட்டார். சீருடையைக் கண்டால் இவர்களுக்கு உடம்பு தானாக எழும்பும். எனக்கு வெட்கமாக இருந்தது.

பரிசோதகர் நல்ல மனிதர். நீட்டியதைப் பார்க்காமல் போனால் மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். ராசாத்தி அன்ரியின் அட்டையில் மட்டும் கொஞ்சம் நின்று, சுவிஸ் ஜெர்மனில் வேகமாக, "நாளைக்கு உங்களுக்குப் பிறந்தநாள், முன்கூட்டியே வாழ்த்துகள்" என்றார். அன்ரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகம் வெளிறி என் காதருகே குனிந்தார்.

"என்னவாம் பிள்ளை, எங்களை இறக்கிப் போடுவாரோ?"

பஸ் போகும் இடம்

இரண்டாவது மாதம் ஸ்டைன் அம் ரைன். அங்கிருந்து மேட்டு வழியாகப் போகும் மஞ்சள் பஸ்ஸில் ஏறினோம். ஒரு வளைவு திரும்பியதும் ஏரி முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். லீலா அன்ரி மட்டும் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பத்து வருஷம் விடியக்காலையில் டிப்போவில் பஸ் கழுவியவர். இருக்கையின் பின்னால் ஒட்டியிருந்த சுவிங்கத்தை வீட்டுச் சாவியால் சுரண்டி, டிஷூவில் சுற்றி, தன் கைப்பைக்குள் வைத்தார். பிறகு அடுத்த இருக்கைக்குப் போனார்.

சாரதி இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். கடைசித் தரிப்பில் என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மா எதையாவது தொலைத்துவிட்டாரா, தேட உதவட்டுமா என்று கேட்டார். நான் அன்ரியிடம் கேட்டேன். அன்ரி நிமிர்ந்து, முதல்முறையாக வெளியே பார்த்தார்.

"ஒண்டும் துலைக்கேல்லை எண்டு சொல்லு. பத்து வருஷமாக் கழுவின பஸ், எங்க போறது எண்டு இண்டைக்குத்தான் கண்டன்."

வேலைக்கு ஆட்கள்

மூன்றாவது மாதம் எர்மாட்டிங்கன். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆண்கள் மனைவிமார் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆளுக்கொரு பியர் எடுத்தார்கள். கடைசிக் கவளம் உள்ளே போனதுதான் தாமதம், யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, வேலை தொடங்கிவிட்டது. ஒருவர் முள்ளுக் கரண்டிகளைச் சேர்த்தார். இன்னொருவர் மிச்சத்தை ஒரே தட்டில் வழித்தார். செல்லத்துரை மாமா பெரிய தட்டுக்குமேல் சின்னத் தட்டாக அடுக்கிக் கையில் ஏற்றினார். "இருங்கோ, இருங்கோ" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. மூன்று நிமிஷத்தில் மேசைகள் துடைத்து வைத்த மாதிரி. ஊர்வலம் குசினிக்குள் போய்விட்டது.

பரிமாற வந்த பெண் வெறும் தட்டத்தோடு நின்றாள். முதலாளியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, நாட்காட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஆள் காணாது. இவர்கள் திரும்ப எப்போது வருவார்கள்?"

கடைசி ஊர்

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. திரும்பும் ரயிலில் சட்டம் போட்டேன்: ஸ்டெக்போர்னில் ஒருவரும் தட்டைத் தொடக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலின் பெறுமதி உங்களுக்கும் தெரியும்.

அன்றைக்குச் செல்லத்துரை மாமா கோட்டும் டையும் போட்டு வந்தார். ரயிலால் இறங்கியதும் முழங்கால் நோகுது என்றார். பிறகு பசியில்லை என்றார். காஸ்ட்ஹவுஸ் வாசலில் நான் ஒவ்வொருவராக உள்ளே விட்டு எண்ணினேன். பதினொன்று. ஓடிப்போய்ப் பார்த்தால், மாமா பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், குசினிக் கதவின் பிடியில் கையோடு நிற்கிறார். "கால் தன்பாட்டில வந்திட்டுது" என்றார். எனக்கு அழுகை வந்தது. "சாப்பாடு ஆறப்போகுது மாமா" என்று மட்டும் சொல்லி, கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டி வந்தேன்.

ஏரியைப் பார்த்த நாற்காலியை அவருக்கென்று விட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முதலாளி மாறியிருந்தார், வேலையாட்கள் எல்லோரும் புதியவர்கள், ஒருவருக்கும் இவரைத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எழும்பிப் போய்விடுவார் போலத்தான் இருந்தது. பிறகு முன்னால் இருந்த வெறும் தட்டைத் தூக்கி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். பொரித்த மீன் வந்தது. ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தார். மற்றப் பதினொரு பேரும் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவஸ்தையோடு, அசையாமல் இருந்தார்கள்.

பரிமாறும் பெண் வந்து தட்டை எடுத்தாள். மாமா எடுக்க விட்டார். எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன், மாமா தன் குசினி ஜெர்மனில் தானே பதில் சொன்னார்.

"மீன் கொஞ்சம் கூடப் பொரிஞ்சு போச்சு, அதைச் சொல்லத் தேவையில்லை. தட்டு நல்லாக் கழுவியிருக்கு, அதைப் பின்னால நிக்கிறவருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ."

அடுத்த வருஷத்துக்குப் பன்னிரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள், ஆளாளுக்குத் தாங்கள் வேலை செய்த இடத்தைத்தான் கேட்கிறார்கள், அதில் ஒன்று ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் என்பதால், அங்கே ஏரியைப் பார்த்த மேசையை எப்படிப் பதிவு செய்வது என்று யாருக்காவது தெரிந்தால் எனக்கு உடனே அறிவிக்கவும்.